தப்பு நோட்டு

எங்கள் ஆயா வளர்த்த ஆடு செத்ததற்குக் காரணம் ஒரு கல்யாணம். தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனை மண்டபத்தில் பந்தி முடிந்ததும் மிச்சச் சோற்றைப் பின்பக்கம் கொட்டிவிட்டார்கள். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வயிறு முட்டத் தின்றது. ராத்திரி வயிறு உப்பிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆயா நல்லெண்ணெயைப் பாட்டிலில் ஊற்றிப் புகட்டினாள். பக்கத்து வீட்டு அம்மா சுருட்டுப் புகை காட்டச் சொன்னார். விடிவதற்குள் படுத்துவிட்டது, மதியத்துக்குள் கதை முடிந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. கண்ணு பட்டுவிட்டது என்று ஆயா முடிவு செய்துவிட்டாள்.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரு மதிய வகுப்பில்தான் அந்த ஆடு ஏன் செத்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் வைக்கோலையும் தழையையும் நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. திடீரென்று சோறு மொத்தமாக உள்ளே போனால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, மாவுச்சத்தை லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். வயிறு புளித்து, உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்கும், அமிலம் ரத்தத்தில் ஏறும். வயிற்றில் நுரை கட்டினால் எண்ணெய்க்குக் கேட்கும், அமிலத்துக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. இரண்டும் வெளியே பார்க்க 'உப்புசம்' தான். இடது விலாவுக்குப் பின்னால் தட்டிப் பார்த்து, இழுத்துக் கட்டிய மத்தளம் மாதிரி விண்ணென்று இருக்கிறதா, கையால் குலுக்கினால் குடத்துத் தண்ணீர் மாதிரி சலசலக்கிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் ஆயாவிடம் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை சொல்லவில்லை.

வட சென்னையில் இன்றைக்கும் முகூர்த்த நாள் முடிந்த மறுநாள், பொங்கலுக்கு மறுநாள் எல்லாம் இதே கேஸ் வரும். ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: சோறு தின்றது தெரிந்தால், அது நன்றாக நின்றுகொண்டிருக்கும்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். சமையல் சோடா கரைத்துக் கொடுப்பது உண்டுதான், ஆனால் எவ்வளவு என்பதைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். படுத்த பிறகு கூப்பிட்டால் வயிற்றைக் கிழித்துச் சோற்றை அள்ளி வெளியே போட வேண்டி வரும். செய்திருக்கிறேன். புளித்த வாடை இரண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது.

நைனாவுக்கு மீன்பாடி வண்டி. காசிமேட்டில் விடியற்காலை நாலு மணிக்கு லோடு ஏற்றினால் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருவார். கார்ப்பரேஷன் ஸ்கூலில் தமிழ் மீடியம் படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை வைத்து 2008-ல் இடம் கிடைத்தபோது, "மாட்டு டாக்டருக்கா?" என்று தெருவே கேட்டது. நைனா மட்டும், "மாடு வாய் தொறந்து சொல்லாது, அதைக் கண்டுபுடிக்கிறவன்தாண்டா பெரிய டாக்டரு" என்று டீக்கடையில் சண்டைக்குப் போனார். 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. பழைய செங்கல் கட்டடத்தின் முன் முதல் நாள் நின்றபோது பயமாகத்தான் இருந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள், என் பை மீன் கூடைக்குப் பக்கத்தில் இருந்த பை. உடற்கூறியல் கூடத்தில் ஃபார்மலின் நெடியில் மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காசிமேடு கொடுத்த வரம்.

ஆங்கிலப் புத்தகம்தான் முதல் வருடம் முழுக்க அழ வைத்தது. ஒரு வழி கண்டுபிடித்தேன்: படித்ததைப் படமாக வரைவது, பக்கத்தில் தமிழில் ஆயாவுக்குச் சொல்கிற மாதிரி எழுதுவது. இப்போது தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலம் தானாக வரும். மாட்டுக்காரரிடம் அவர் பாஷையில் பேசத் தெரிவது தானாக வராது, அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது படிப்பு ஐந்தரை வருடம், அதில் கடைசி ஒரு வருடம் நேரடிப் பயிற்சி. அந்தப் பயிற்சிக் காலத்தைப் போட்டித் தேர்வுப் புத்தகத்தோடு ஓட்டுகிறவர்கள் நிறைய. நானும் பாதி அப்படித்தான் ஓட்டினேன். அரசு வேலை கிடைக்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் இரவு டியூட்டிக்கு ஆள் இல்லை என்று சொன்னார்கள், சேர்ந்துவிட்டேன். எமர்ஜென்சி என்பது நான் ஆசைப்பட்டுப் போன துறை இல்லை. பகல் டியூட்டி காலி இல்லை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பூனைக் கதை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் கூடையில் ஆண் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார். ரெண்டு நாளாக மண் தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, மலச்சிக்கல் டாக்டர் என்றார். அன்று கூட்டம். பக்கத்து மேஜையில் காலில் அடிபட்ட நாய் ஒன்று கிளினிக்கே அதிரக் கத்திக்கொண்டிருந்தது. பூனை பேசாமல் கிடந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதி, மலம் இளக சிரப் கொடுத்து அனுப்பினேன். காலை ஆறு மணிக்குத் திரும்ப வந்தார். பூனை உடம்பு ஐஸ் மாதிரி இருந்தது. அப்போதுதான் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே பெரிய எலுமிச்சம்பழம் மாதிரி, கல்லு மாதிரி மூத்திரப்பை. அடைத்துக்கொண்டிருந்தது மலம் இல்லை, மூத்திரம். இதயம் மெதுவாக, எண்ணி எண்ணித் துடித்தது. குழாய் போட ஏற்பாடு செய்வதற்குள் நின்றுவிட்டது.

மூத்திரம் வெளியேறாவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், பொட்டாசியம் ஏறினால் இதயம் மெதுவாகும். அந்த நிலையில் அடைப்பை எடுக்கும் முன்பே, அல்லது எடுத்துக்கொண்டே, இதயத்தைக் காப்பாற்ற கால்சியம் குளுகோனேட் மெதுவாக ஏற்ற வேண்டும். பாடத்தில் எனக்குத் தெரியும். பரீட்சையில் இதே கேள்விக்கு நல்ல மார்க் வாங்கியவள் நான். வயிற்றில் கை வைக்க ஐந்து விநாடி ஆகும், அதைச் செய்யவில்லை. பூனை வளர்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஆண் பூனை தொட்டிக்குப் போய் முக்கினால் அது மலச்சிக்கல் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், ஒரு நாள் இரண்டு நாளில் உயிரே போய்விடும்.

அந்த வாரம் ஒரு நீள சைஸ் நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் தேதி போட்டு, 'வயிற்றில் கை வைக்கவில்லை' என்று மட்டும் எழுதினேன். தப்பு நோட்டு என்று பெயர் வந்தது அப்புறம்தான்.

இரவு வேலையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது வரிசை. யாரை முதலில் பார்ப்பது? கத்துகிற நாய்க்கு மூச்சு இருக்கிறது, அதனால்தான் கத்துகிறது. மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஓனரின் மடியில் எது இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். நான் கதவுக்கு வந்ததும் எல்லா மிருகத்தின் உதட்டையும் தூக்கிப் பார்ப்பேன். ஈறு இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் உள்ளே ரத்தம் போகிறது, அல்லது உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்திருக்கிறது. நீலமாக இருந்தால் ஆக்சிஜன் முதலில், பெயர் விலாசம் எல்லாம் பிறகு. இதை வீட்டிலும் செய்யலாம். உங்கள் நாய் நன்றாக இருக்கும் நாளில் ஈறு என்ன நிறம் என்று ஒருமுறை பார்த்து வையுங்கள். சில நாய்களுக்குப் பிறவியிலேயே கறுப்பு ஈறு. அப்போது கண் இமையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

அட்டெண்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். பத்தாவது கூடப் படிக்கவில்லை. என் கை இன்று இருக்கிறது என்றால் அவர்தான் காரணம். கொருக்குப்பேட்டையிலிருந்து டீக்கடைக்காரர் ஒருவர் தெரு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாய் மூட முடியாமல் தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. "கோழி எலும்பு தொண்டையில மாட்டிக்கினு கீது டாக்டரம்மா, நானே கை வுட்டுப் பாத்தேன், சிக்கல." டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்திப் பிடித்தார். "கை வைக்காதம்மா. கண்ணைப் பாரு." நாய் எங்கேயோ பார்த்தது, எங்களைப் பார்க்கவில்லை. அப்புறம் அண்ணன் டீக்கடைக்காரரிடம் கேட்டார்: தண்ணி குடிச்சுதா, இதுக்கு ஊசி போட்டிருக்கா, வேற யாரு தொட்டா?

நாய் இரண்டாம் நாள் செத்தது. மூளைப் பரிசோதனையில் ரேபிஸ் என்று உறுதியானது. வெறி பிடித்த நாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தாடை தொங்கி, தொண்டை செயலிழந்து, சோர்ந்து கிடக்கிற வகையும் உண்டு. தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும். மாட்டுக்கும் இப்படி வரும், மாங்கொட்டை சிக்கியது என்று கையை விடுவார்கள். டீக்கடைக்காரரையும், நாயைத் தூக்கிய இரண்டு பேரையும் அன்றைக்கே சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுப் பதினைந்து நிமிடம் கை கழுவ வைத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். டீக்கடைக்காரர் விரலில் பாக்கு வெட்டிய காயம் இருந்தது. அவருக்குத் தடுப்பூசியோடு, உடனே பாதுகாப்புக் கொடுக்கிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் காயத்தில் போட்டார்கள். இன்றும் டீ போடுகிறார்.

கால்நடை மருத்துவம் சேர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் முதலில் கேட்கிற கேள்வி, முன்கூட்டிய ரேபிஸ் தடுப்பூசி போட்டாச்சா என்பதுதான். போட்டவர்களுக்குக் கடிபட்டால் அன்றைக்கே ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இம்யூனோகுளோபுலின் தேவைப்படாது. போடாமல் என் மேஜைக்கு அருகில் நிற்க விடமாட்டேன். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

எல்லாமே சாவுக் கதையாகப் போகிறது. மாதவரம் மாட்டையும் சொல்லிவிடுகிறேன்.

மார்கழி, ராத்திரி இரண்டு மணி. மாதவரத்தில் பால்காரர் ஒருவரின் கொட்டகை. கலப்பின ஜெர்சி, மூன்றாவது ஈற்று, முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. படுத்துக்கொண்டு தலையை விலாப் பக்கம் மடக்கி வைத்திருந்தது. காது சில்லென்று இருந்தது. மூக்கு வறண்டிருந்தது. அவர் சம்சாரம் கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார். பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடே இருக்காது. கன்று போட்ட மாட்டின் சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடியில் பாலாக இறங்க, ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோய் தசை வேலை செய்யாமல் படுத்துவிடும். கால்சியம் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கழுத்து நரம்பில் ஏற்றினேன். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் ஸ்டெதஸ்கோப் இதயத்தின் மேல். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், துடிப்பு தப்புகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாதி பாட்டில் போனதும் தொடைத் தசை நடுங்க ஆரம்பித்தது. ஏப்பம் ஒன்று. அப்புறம் சாணி போட்டது. பாட்டில் முடிந்து கொஞ்ச நேரத்தில் முன்காலை ஊன்றி, ஆடி, எழுந்து நின்று கன்றைத் தேடியது. பால்காரர் என் காலில் விழப்போனார். நான் தொழுவத்துச் சேற்றில் நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். முதல் இரண்டு நாள் மடியை ஒட்டக் கறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வேலையை விட்டுவிடலாமா என்று தோன்றுகிற இரவுகளில் அந்த ஏப்பச் சத்தத்தை நினைத்துக்கொள்வேன்.

கோடை விடுமுறையில் வேறு வகைக் கூட்டம். காற்றாடி. மாஞ்சா தடை என்பதெல்லாம் சரி, வியாசர்பாடி மொட்டை மாடிகளுக்கு அது தெரிந்தால்தானே. பையன்களே காக்காயை, பருந்தை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வருவார்கள். அறுத்தவனும் அவன்தான், அழுதுகொண்டு வருகிறவனும் அவன்தான். அவர்களைத் திட்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன், திட்டினால் அடுத்த முறை பறவை வராது. நூலை இழுக்காதீர்கள், இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டு அப்படியே கொண்டு வாருங்கள். அலகுக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பெட்டியை மூடி இருட்டாக வைத்தால் போதும், பல பறவைகள் பயத்திலேயே சாகின்றன.

பணம் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. பார்வோ என்கிற வைரஸ் பேதி வந்த நாய்க்குட்டியோடு வருகிறவரிடம் பணம் பேசக் கூச்சப்பட்டு, மூன்றாம் நாள் பில்லை நீட்டியபோது அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது உயிருக்கு முதல் உதவி முடிந்த கையோடு சொல்லிவிடுவேன்: இன்றிரவுக்கு இவ்வளவு ஆகும், காலையில் திரும்பப் பேசுவோம், பிழைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். முடியாது என்றால் வேப்பேரி கல்லூரி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவேன். அதில் ஓனருக்கும் வெட்கமில்லை, எனக்கும் வெட்கமில்லை. அதே மூச்சில் சொல்வேன், குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி நாலு மாதம் வரை போடுகிற தடுப்பூசிச் செலவு, ஒரு ராத்திரி டிரிப்ஸ் செலவை விடக் குறைவு.

நான்கு வருடமாகப் பெரம்பூர் பக்கம் சொந்தமாக ஒரு சின்ன இடம். பயிற்சிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இரவில் வந்து நிற்கிறார்கள். சொல்லித் தருவது எப்படி என்று எனக்குத் தெரியாது. எப்படிச் சொல்லித் தரக் கூடாது என்பது தெரியும். என் சீனியர் ஒருவர், நான் ஊசியை நரம்பில் தேடிக்கொண்டிருக்கும்போது "தள்ளு" என்று பிடுங்கிவிடுவார். ஆறு மாதம் எனக்கு நரம்பே சிக்கவில்லை. அதனால் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன். மிருகத்தின் உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய கையை அவிழ்ப்பதில்லை. இரண்டு முறை குத்தித் தவறினால் அவர்களே விலகி அடுத்தவரைக் கூப்பிட வேண்டும், அது அவமானம் இல்லை, விதி. கை நடுங்குகிறவர்களை முதலில் பெரிய நாயின் முன்காலில் விடுவேன், பூனைக்குட்டி பிறகு.

சாவைச் சொல்வதுதான் கஷ்டம். ஒரு பையன், கெட்டிக்காரன், வெளியே போய் "ரொம்ப சீரியஸா இருந்துச்சு, எங்களால முடிஞ்சத பண்ணோம்" என்றான். அந்த அம்மா, "சரிப்பா, எப்ப கூட்டினு போலாம்?" என்று கேட்டார். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, ஜிம்மி இறந்துடுச்சு" என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அவர்கள் பேசுகிற வரை. இப்போது அதை ஆளில்லாத நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிப் பழகச் சொல்கிறேன். முதலில் சிரிப்பார்கள். மூன்றாவது முறை சிரிப்பு நின்றுவிடும்.

தப்பு நோட்டு இப்போது மூன்றாவது. மேஜை மேல் திறந்தேதான் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யாரும் யாரையும் கேலி செய்யக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நோட்டின் முதல் பக்கத்தைத்தான் படிக்கக் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு பெண் பூனை வந்தது. முகம் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. பூரான் கடித்திருக்கும் என்று ஓனர் சொன்னார். திருவொற்றியூர்ப் பக்கம் ஓட்டு வீடு, நடக்கக்கூடியதுதான். நானும் அலர்ஜி ஊசியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வந்து இரண்டே வாரமான மாணவி ஒருத்தி, பூனையின் உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, "அக்கா, ஈறு பார்த்தீங்களா?" என்றாள்.

ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தது. ஓனரிடம் அவளே கேட்டாள், மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா என்று. முந்தின நாள் காய்ச்சல் மாதிரி இருந்ததாம், வீட்டிலிருந்த பாராசிட்டமாலில் பாதி உடைத்துக் கொடுத்தாராம். குழந்தைக்குக் கொடுக்கிறதுதானே டாக்டர் என்றார். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வழி கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஆக்சிஜன் வைத்தோம், அதற்கு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டைன் ஏற்றினோம். ராத்திரி முழுக்க அவள் கூண்டுப் பக்கமே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பூனை கருவாட்டைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனது.

அன்று விடியற்காலை டீ குடித்துவிட்டு வந்தபோது அவள் நோட்டுக்கு முன்னால் தயங்கிக்கொண்டு நின்றாள். எழுதலாமா என்று கேட்டாள். என் பேனாவைக் கொடுத்தேன். தேதி போட்டு, என் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஈறு பார்க்கவில்லை, மாத்திரை கேட்கவில்லை' என்று எழுதினாள். பெயருக்குப் பின்னால் 'அக்கா' என்று சேர்த்து, பிறகு யோசித்து அதை அடித்துவிட்டாள்.